லெந்து நாட்களில் இருமல் இல்லை

பிப்ரவரி 14, புதன்

டாக்டர் எழுதச் சொன்னது என் கணவரின் இருமலை மட்டும்தான். என்றைக்குக் கூடுகிறது, என்றைக்குக் குறைகிறது என்று தினமும் ஒரு வரி போதும் என்றார். ஒரு வரியோடு நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய காலத்திலும் கரும்பலகை நிறைந்த பிறகுதான் எனக்குப் பாடமே தொடங்கும்.

காலையில் இருமல் நிறைய. மதியம் சாப்பிட்டதும் மறுபடி. மாலையில் குறைவு.

போன வாரம் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். வீட்டில் புறா உண்டா, கோழி உண்டா, பஞ்சு மில்லில் வேலை பார்த்தாரா, பக்கத்தில் வைக்கோல் போர் உண்டா, சுவரில் ஈரம் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். இவர் தபால் ஆபீஸில் இருந்தவர். பிறகு டாக்டர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் புரிந்துகொண்டது இப்படி: பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்கும், பிழிந்தால் விடும். சோப்போடு காயவிட்ட பழைய ஸ்பாஞ்ச் ஓரத்தில் விறைத்துப்போகும். என் கணவருக்கு ஓரங்கள் விறைத்திருக்கின்றன. விறைத்தது திரும்பாது, எதனால் என்று தெரிந்தால் மீதியைக் காப்பாற்றலாம், தெரியாவிட்டால் அதுவும் போகும் என்றார் டாக்டர்.

"லெந்து வருதுல்லா டாக்டர், சரியாயிரும்" என்றார் இவர். டாக்டருக்குப் புரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள் என்று நான் சொன்னேன்.

இன்று அந்த நாட்கள் தொடங்கிவிட்டன. எங்கள் சபையில் லெந்து முடியும்வரை கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் இவர் ஊதுகிற பேண்டுக்கும் வேலை கிடையாது. இவர் யூபோனியத்தை எடுத்து வெளியே பாலிஷ் போட்டுத் துடைத்தார். குழந்தையை மடியில் வைத்த மாதிரி வைத்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம் அது. என் முகம் அதில் தெரியும்வரை துடைத்து, உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தள்ளிவிட்டு இருமினார்.

பிப்ரவரி 22, வியாழன்

இருமல் குறைவு. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. துவரம்பருப்பில் வண்டு, வெயிலில் காயவைத்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

இருமல் இல்லை. கடைவரை நடந்து போய் வந்தார். வழியில் எங்கும் உட்காரவில்லையாம்.

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தார். இது மூன்றாவது வருடம். "கிறிஸ்மஸ் பண்டிகை முடிஞ்சா மாசக்கணக்குல இருமல் விடாது. லெந்துல உபவாசம் இருக்கேன், என் ஆண்டவர் எனக்கு மூச்சைத் திருப்பித் தாரார். டாக்டருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்." பேசும்போது ஒருமுறைகூட இருமவில்லை. சபை முழுவதும் ஆமென் என்றது. நானும் சொன்னேன்.

வெளியே வந்ததும் சபைப் போதகரான ஐயர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சாட்சியைக் கேக்கதுக்குன்னே சில பேர் வாராங்க" என்றார். வீடு வரும்வரை இவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரித் தெளிவாக இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். யூபோனியத்தின் உறையை நகர்த்தியபோது ஒரு வாடை. முழுப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, எவனாவது ஒருவன் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் வரும் வாடை. உறைக்கு வெயில் காட்ட நினைத்தேன். உறையில் வாடை இல்லை.

இவர் கடைக்குப் போயிருந்தார். வாத்தியத்தில் கழற்றி மாட்டுகிற ஒரு வளைகுழாய் இருக்கிறது. அதை உருவிப் பார்த்தேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தேன். பிறகு குழாயை மாட்டி, இருந்தபடியே தள்ளிவைத்தேன்.

இருமல் இல்லை.

மார்ச் 6, புதன்

ரொட்டி வாங்கினேன். "யாருக்குக் காச்சல்?" என்றார். யாருக்கும் இல்லை, ஆசையாக இருந்தது என்றேன். "இந்த வயசுல ரொட்டிக்கு ஆசப்படுத ஒரே ஆளு நீதான் டீச்சர்" என்று சிரித்தார். மூச்சு வாங்காமல் சிரித்தார்.

இரண்டு துண்டு ரொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்தது. ஒன்றில் நேற்றைய பஞ்சைத் தேய்த்தேன். மற்றதில் புதுப் பஞ்சு. இரண்டு டப்பாக்களும் அரிசிப் பாத்திரத்துக்குப் பின்னால்.

மார்ச் 11, திங்கள்

வாத்தியப் பஞ்சு தேய்த்த துண்டு பச்சைப் பூஞ்சை, மற்றது வெள்ளையாகவே. இரண்டையும் தூரப் போட்டேன். டப்பாக்களைக் கொதிநீரில் கழுவினேன்.

மார்ச் 12, செவ்வாய்

பேண்ட் மாஸ்டர் பால்மணி வந்திருந்தார். பகலில் எலக்ட்ரீஷியன், மாலையில் கார்னெட் ஊதுகிறவர். இவரைவிட மிகவும் இளையவர், மூன்று பெண்பிள்ளைகள். ஈஸ்டர் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு.

காபி கொடுத்துவிட்டுப் பொதுவாகக் கேட்டேன். இந்த வாத்தியங்களை உள்ளே கழுவுவது உண்டா என்று.

"உள்ளயா?" என்றார் பால்மணி. "கழுவுனா சத்தம் வெளிறிப்போயிரும் டீச்சர். ஊத ஊதத்தான் உள்ள ஒரு பதம் பிடிக்கும்."

"ஊறுகா ஜாடிய யாராவது சோப்புப் போட்டுக் கழுவுவாங்களாட்டி?" என்றார் இவர். "அப்புறம் ஊறுகா எங்க இருந்து ருசிக்கும்? பிஸ்டன்கூட நாங்க தொறக்கது இல்ல. கீழ இருக்க ஓட்டைல சொட்டு எண்ணெய் விடுததோட சரி."

"ஆனா சுத்தத்துல நம்ம பேண்டை அடிக்க முடியாது டீச்சர்" என்று பால்மணி எனக்கு ஆறுதல் சொன்னார். கொரோனா சமயத்தில் நான் ஒரு விதி சொல்லியிருந்தேன்: அவரவர் மவுத்பீஸை அவரவர் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது. இன்றுவரை ஒருவரும் அதை மீறியதில்லை. டீச்சர் சட்டம் என்று பெயர்.

வாத்தியம் ஊதுவதைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை. அது மூச்சுக்கு நல்லது என்று நினைத்திருந்தோம்.

லெந்து நாட்களில் அவர் உபவாசம் இருக்கிறார். லெந்து நாட்களில் அவர் ஊதுவதில்லை. இரண்டு காரணங்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு முடிவு எழுதக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளின் பரிசோதனை நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். சொல்லலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜெபக்கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, சனி

பக்கத்துச் சேகரத்துச் சபையில் உபவாச ஜெபம். காலையிலேயே போய்விட்டார். மாலை வரை வரமாட்டார்.

பேரன் குளித்த பிளாஸ்டிக் டப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பால்பாட்டில் பிரஷ், ஒரு கயிற்றில் கட்டிய துணி. வளைகுழாய்களை எல்லாம் உருவினேன். விரலால் அமுக்குகிற மூன்று பிஸ்டன்களையும் திருகி வெளியே எடுத்தேன். துணியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்தபோது வந்ததை எழுதப் போவதில்லை. சாக்கடை அடைப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். முதல் தண்ணீரைக் கொட்டினேன். இரண்டாவதையும் கொட்டினேன். நாலாவது தண்ணீரில்தான் என் கை தெரிந்தது.

குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டுகிற மாதிரிதான் துவட்டினேன். நிழலில் போர்வை விரித்துக் காயவைத்தேன். பிஸ்டன்கள் மூன்றும் ஒரே அச்சு. ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த இரட்டையர்களை நான் வருடம் முழுவதும் மாற்றித்தான் கூப்பிட்டேன். பூனை வந்து துண்டை இழுத்தது, பிஸ்டன்கள் உருண்டன, பொறுக்கி வைத்தேன். தையல் மெஷின் எண்ணெய் தொட்டு உள்ளே விட்டபோது வழுக்கிக்கொண்டு போயின. நன்றாகத்தான் போயின.

"என்ன, எலுமிச்சம்பழ வாசமா இருக்கு" என்றார் வந்ததும். தொட்டி கழுவினேன் என்றேன். இனிமேல் அவர் எப்போது வேண்டுமானாலும் ஊதட்டும், எனக்கு ஒன்றுமில்லை. சாட்சியும் அவரோடு இருக்கட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலைப் பவனி. பேண்ட் இல்லை. இவர் முன்வரிசையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு பாடியே நடந்தார். இருமல் இல்லை. முதுகில் சட்டை நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 30, சனி

மாலையில் கோயில் வளாகத்தில் ஒத்திகை. பிளாஸ்கில் சுக்குக்காபி கொண்டுபோனேன்.

எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பால்மணி கை காட்டினார். எல்லா வாத்தியங்களும் பேசின, இவருடையதைத் தவிர. கன்னம் உப்புகிறது, காற்று உள்ளே போகவில்லை. பால்மணி நிறுத்தினார். இவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டிலுக்கு மூடியைத் திறக்காமலே வாய் வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை இருமல் வந்தது.

"அண்ணாச்சி, தாங்க, நான் ஒருதரம் ஊதிப் பாக்கேன்" என்று பால்மணி கையை நீட்டினார்.

"வாய் வைக்காதப்பா. டீச்சர் அங்கன நிக்கா, சட்டம் பேசுவா." சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "வாத்தியத்துல ஒண்ணுமில்ல பால்மணி. பதிமூணு கல்யாணம் ஊதியிருக்கு இந்த வருஷம். எனக்குத்தான் காத்து இல்ல. காலி."

பால்மணி இவரைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார். நான் நடந்து வந்தேன். காபி அப்படியே இருந்தது.

மார்ச் 31, ஞாயிறு, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனைக்கு அவர் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"சாட்சி சொன்னேன்லா" என்றார். "கொஞ்சம் பெருமையாச் சொல்லிட்டேன். அதான்."

"அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

"ஒனக்குத் தெரியாது."

அவர் தூங்கிய பிறகு பின்கட்டில் வைத்து வாத்தியத்தைத் திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு பிஸ்டனிலும் எண் வெட்டியிருக்கிறது. அது இறங்குகிற குழலின் வெளியிலும் அதே எண். ஒன்றாம் எண் மூன்றாவது குழலில் இருந்தது. மூன்று ஒன்றில். ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காவிட்டால் காற்று போகாது. முழுச்சட்டைக்குப் பொத்தான் மாற்றிப் போட்ட மாதிரிதான்.

மாற்றிப் போட இரண்டு நிமிடம் ஆகாது.

மூடியைத் திருகி, உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எண் மாறினபடியே.

டாக்டருக்குத் தெரிந்தால் ஊத வேண்டாம் என்றுதான் சொல்வார். கழுவியது போதுமா, போதாதா என்று யாருக்குத் தெரியும்? சின்ன மூலைகள் நிறைய. இனி அவர் ஊதமாட்டார்.

பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. இருமல் இல்லை.

ஏப்ரல் 3, புதன்

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். இவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கேஸ் புக் பண்ணுகிற எண்ணை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். கரண்ட் பில் அட்டை எங்கே, பென்ஷன் பேங்கில் எந்தக் கவுண்டரில் யாரைக் கேட்க வேண்டும், மோட்டார் சத்தம் மாறினால் எந்த சுவிட்ச். சுவிட்சுகளுக்கு மேல் பேப்பர் வெட்டி ஒட்டியிருக்கிறார். நல்ல கையெழுத்து.

"எதுக்கு இதெல்லாம்?"

"தெரிஞ்சு வச்சுக்கோ."

விரலில் மாட்டிப் பார்க்கும் மெஷினில் ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருக்கிறது, ஜனவரியைவிட நன்றாக. காட்டினேன். "மெஷினுக்கு என்ன தெரியும்" என்று விரலை உருவிக்கொண்டார். பாதித் தட்டு சோற்றைத் தள்ளிவிட்டார். நேற்றும் பாதி.

ஏப்ரல் 5, வெள்ளி

இருமல் இல்லை. சாப்பாடு இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அப்பா பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கோயில் உபதேசியாரிடம் போனில் கேட்டார். நான் அடுப்படியில் இருப்பதால் கேட்காது என்று நினைத்துவிட்டார். அடுப்படியிலும் கேட்டது.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து பால்மணி வந்தார். யூபோனியத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்று இவர் சொல்லியனுப்பியிருந்தார்.

"நான் கேக்கல டீச்சர். அண்ணாச்சிதான் எடுத்துட்டுப் போன்னு..." சொல்லி முடிப்பதற்குள் இருமல். வறண்ட இருமல், விட்டு விட்டு. அந்த இருமலை எனக்குத் தெரியும். முதல் வருடம் இவருக்கு அப்படித்தான் இருந்தது.

"எப்போ இருந்து?"

"ஈஸ்டருக்கு விடியக்காலம் பனியில நின்னோம்லா. அதான்."

"லெந்துல?"

"லெந்துல ஒண்ணும் இல்லியே டீச்சர்."

தண்ணீர் கொடுத்தேன். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து வாத்தியத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூடிகளைத் திருகினேன்.

"என்னட்டி பண்ணுத?" என்றார் இவர்.

"ஒண்ணாம் நம்பரும் மூணாம் நம்பரும் மாறிக் கெடக்கு. கழுவும்போது மாறிப்போச்சு."

"எதக் கழுவும்போது?"

சொன்னேன். வாடை, பஞ்சு, ரொட்டி, டப், நாலு தண்ணீர். வகுப்பில் சொல்வதுபோலத்தான் சொன்னேன், ஒன்றன்பின் ஒன்றாக, பின் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. ரொட்டியில் பூத்த பச்சையைத்தான் ஊதும்போதெல்லாம் உள்ளே இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றேன். லெந்து நாட்களைப் பற்றி நான் சொல்லவில்லை. பால்மணிதான் சொன்னார். "அப்போ லெந்துல ஊதாததுனாலதான் அண்ணாச்சிக்கு..." என்று தொடங்கி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

பிஸ்டன்களை எண் பார்த்துப் போட்டேன். "ஒரு தடவை ஊதுங்க. ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

இவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார். பிறகு ஸ்பிரிட் கேட்டு வாங்கி மவுத்பீஸைத் துடைத்தார். மடியில் வைத்தார். ஊதினார்.

வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். இவர் அந்த ஒரு சத்தத்தை விடாமல் பிடித்திருந்தார், காற்று தீரும்வரை.

"வெளிறவே இல்ல அண்ணாச்சி" என்றார் பால்மணி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முன்ன விட நல்லா இருக்கு."

இவர் வாத்தியத்தை மேசைமேல் திருப்பி வைத்தார். "நம்பர் மாறினது ஒனக்கு எப்போ தெரியும்?"

"ஈஸ்டர் அன்னைக்கு."

பால்மணி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"லெந்து விஷயம் இருக்கட்டும். அத நான் ஆண்டவர்ட்ட பேசிக்கிடுதேன்" என்றார். குரல் உயரவில்லை. "ஒரு வாரம் என்னச் சாக விட்டுட்டு, எதிர்ல உக்காந்து முருங்கைக்கீர ஆஞ்சிருக்க."

நான் வாத்தியத்தின் மூடிகளை இறுக்கினேன். கீரை ஒரு நாள்தான் ஆய்ந்தேன். மற்ற நாட்களில் வேறு காய்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முழுத் தட்டும் சாப்பிட்டார். என்னிடம் பேசவில்லை. சுவிட்சுகளுக்கு மேல் ஒட்டிய பேப்பரை அவரே கிழித்து எடுத்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சாட்சி உண்டா என்று ஐயர் கேட்டார். சிலர் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த பாட்டைச் சொன்னார்.

ஏப்ரல் 18, வியாழன்

டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக் கேட்டார். வாத்தியம் ஊதி இப்படி ஆனவர்கள் உண்டு என்று படித்திருக்கிறாராம், பார்த்ததில்லை. அதுவாக இருக்கலாம் என்றார், ரத்தம் எடுத்தார்கள். மாதம் ஒருமுறை உள்ளே கழுவ வேண்டும், ஊதி முடித்ததும் தண்ணீரை வடித்துக் காயவிட வேண்டும், பேண்டில் இருமல் உள்ள எல்லாரும் வந்து காட்ட வேண்டும்.

"கழுவுனா நான் ஊதலாமா?" என்று இவர் கேட்டார்.

"மூணு மாசம் வேண்டாம். அப்புறம் படம் எடுத்துப் பார்த்துச் சொல்றேன். இப்பவே சரின்னு சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் இவர் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்தில் வேறு யாரோ.

ஏப்ரல் 20, சனி

பேண்டில் எல்லாரும் வாத்தியத்தோடு வந்துவிட்டார்கள். பின்கட்டில் இரண்டு டப், ஒரு அண்டா. பால்மணியின் கார்னெட்டிலிருந்து வந்ததைப் பார்த்து ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். "இதயா வாயில வச்சோம்?" என்று டிராம்போன்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். "மாஸ்டர் சொன்ன பதம் இதுதான்" என்று ஒருவர் சொல்ல, பால்மணி அவர்மேல் தண்ணீரை விசிறினார்.

இவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பிஸ்டன்களை எல்லாரும் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பார்த்துத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் ஒன்றை எடுக்கக் கை நீட்டியபோது துண்டை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"டீச்சர்ட்ட பிரஷ்ஷ வாங்கு" என்றார் பால்மணியிடம். "டீச்சர்ட்ட சொல்லு, துணி தீந்துட்டுன்னு." நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன். பால்மணி ஒவ்வொன்றையும் வந்து என்னிடம் மரியாதையாகச் சொன்னார்.

கடைசியாக யூபோனியம். மறுபடி ஒருமுறை கழுவுவது நல்லது என்று நான்தான் கொண்டுவந்தேன். அடுப்பிலிருந்து தண்ணீரை இறக்கி டப்பில் ஊற்றினேன். வாத்தியத்தைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன். அவர் எழுந்து வந்து குனிந்து, டப்பில் கையை விட்டார். சட்டென்று எடுத்து உதறினார்.

"சூடு கூடிட்டு" என்றார், என்னைப் பார்த்து. "பாலிஷ் உரியும்."

பச்சைத்தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினேன். அவர் மறுபடி கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். ஊற்றினேன்.